நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிய கலகலா

என் மகளுக்கு நடக்கவிருந்த கல்யாணம் 2008 செப்டம்பரில் நின்றுபோனது. அதை நிறுத்தியது என் நாத்தனார் விமலா. இந்த இரண்டு வரியை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சூடாகிறது. அன்பான விசுவாசிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் எவ்வளவு கெட்டவளாக இருந்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த உதவியின் அருமை உங்களுக்குத் தெரியாது.

என் பெயர் புஷ்பராணி. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்க்கிறார். ஒரே மகள் ஜெயசீலி. விமலா அவருடைய கூடப்பிறந்த தங்கை, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளையும் சிதம்பரத்துப் பையன்தான், பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்து, நிச்சயதார்த்தத்துக்குப் புடவை கூட எடுத்துவிட்டோம். ஒருநாள் காலையில் தரகர் வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பொண்ணுக்கு வலிப்பு இருக்குதுன்னு அவுங்க காதுக்குப் போயிருக்கு. வேணாம்னுட்டாங்க."

ஜெயசீலிக்கு வலிப்பு வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. நாலு வயதில், கடுமையான காய்ச்சலில், விமலா வீட்டுக்குப் போயிருந்தபோது வந்தது. விமலாதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அதற்குப் பிறகு ஜெயசீலிக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை. இந்த விஷயம் தெரிந்தது மூன்று பேருக்கு. நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. பாக்கி யார் என்று உங்களுக்கே தெரியும்.

அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எந்தங்கச்சி அப்புடிப்பட்டவ கெடையாது. நீயா எதாச்சும் ஜோடிச்சுப் பேசாத" என்றார். போனில் விமலாவிடமே கேட்டேன். "அய்யோ அண்ணி, நானா?" என்றாள். அந்த "நானா"வில் இருந்த நடிப்பைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் அக்டோபரில் உண்மை தானாக வெளியே வந்தது. அதே பையனுக்கும் விமலாவின் மகள் பிரியாவுக்கும் நிச்சயம் என்று பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "தெய்வச் செயலா இருக்கும்" என்றார். பத்திரிகையை வாங்கி அடுப்பில் போட்டேன்.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டாரை அவள்தான் செய்வாள். மூங்கில் குச்சி சீவி, நூல் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து வாசலில் ஏற்றுவாள். குடிலுக்கு முன்னால் புல்லாக வைக்க, பழைய பவுடர் டப்பா மூடிகளில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைப்பாள். கல்யாணம் நின்ற அந்த வருஷம் அவள் எதையும் தொடவில்லை. "ஊர்ல எல்லாம் என்னைப் பாத்தா எப்ப விழுவேன்னு பாக்குற மாதிரி இருக்குதும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக விமலாவை என் கையால் இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் என்று இருந்தது.

மிதிக்க முடியாது. அதனால் ஜெபம் பண்ணினேன். நீங்கள் நினைக்கிற மாதிரி ஜெபம் இல்லை. அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரக்கூடாது, அவள் சுடுகிற முறுக்கெல்லாம் எண்ணெய் குடித்து நாற வேண்டும், அவள் வீட்டு ஸ்டார் மட்டும் எரியக் கூடாது, சபையில் அவள் பாட எழுந்தால் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் முழங்கால் போட்டு இப்படிக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. விமலா நன்றாகக் கொழுத்துத்தான் போனாள். ஆண்டவர் கேட்கவில்லை, இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவுக்கு வந்தேன். என் வாழ்க்கையில் நான் விழுந்த பள்ளம் அதுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணன் வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும். சண்டை இருந்தாலும் போக வேண்டும், இல்லாவிட்டாலும் போக வேண்டும். 2008இல் நான் அனுப்பவில்லை. 2009 டிசம்பரில் என் வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றார். "பிரியா கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற கடைசி கிறிஸ்துமஸ். என் மானத்தை வாங்காத. ஒரு டின் கலகலாவாச்சும் செஞ்சு குடு" என்றார்.

வேறொரு செய்தியையும் அவரே சொன்னார். 25ஆம் தேதி மத்தியானம் சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் விமலா வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்களாம். விமலா வீட்டில் இருப்பது ஒரே ஒரு கக்கூஸ். எனக்கு யோசனை வந்துவிட்டது.

மெடிக்கலில் போய், வீட்டுக்காரருக்கு மலச்சிக்கல் என்று பொய் சொல்லிப் பேதி மாத்திரை வாங்கினேன். 21ஆம் தேதி மத்தியானம் அவர் வேலைக்கும் ஜெயசீலி டியூஷன் எடுக்கவும் போன பிறகு அடுப்பு மூட்டினேன். கலகலா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, சுத்தமான சீப்பின் பல்லில் வைத்து உருட்டிச் சுருட்டுவோம். எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டுக் குலுக்கினால் மேலே வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். என் கலகலாவுக்கு முதுநகரில் பெயர் உண்டு. டிசம்பர் வந்தால் சபையில் பாதிப் பேர் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

மாத்திரையைப் பொடி பண்ணிப் பாகில் கலந்தேன். அடுப்பு எரிகிறது. கரண்டியைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் படம் ஓட்டுகிறேன். சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு எழுந்து ஓடுகிறாள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். வெளியே மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான். விமலா யார் முகத்தையும் பார்க்க முடியாமல் சுவரோடு ஒட்டுகிறாள். சொன்னால் வெட்கம், நான் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஒரு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

எப்போதும் ஒரு கலகலாவை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகே டின்னை மூடுவேன். எத்தனை வருஷத்துப் பழக்கம் அது. அன்றைக்கு எப்படிக் கடித்துப் பார்ப்பேன்? சூட்டோடு சூடாக டின்னில் கொட்டி, மூடியை அழுத்தி, பேப்பர் ஒட்டிக் கட்டிவிட்டேன். பாத்திரத்தை மூன்று தடவை விளக்கினேன். மறுநாள் அவர் சிதம்பரத்துக்கு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

24ஆம் தேதி காலை பத்து மணி இருக்கும். விமலா அவருடைய போனுக்குக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சம்பந்திக்கு வைக்க கடையிலேருந்து பெரிய கேக்கா வாங்கிட்டாளாம். உன் கலகலா டின்னை அப்புடியே சபைக்குக் குடுத்துட்டா. சாயங்காலம் சண்டே ஸ்கூல் பசங்க ப்ரோக்ராம் இருக்குதாம், நாலு மணிக்கு. நாப்பது புள்ளைங்களுக்குத் தட்டுல வச்சுக் குடுக்கப் போறாங்க. நல்லதாப் போச்சு, இல்ல?"

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்கவில்லை. என் கலகலா சம்பந்தி முன்னால் வைக்க லாயக்கில்லையா, கடைக் கேக்கா என்று கோபம் வந்தது. அதற்கு அப்புறம்தான் நாப்பது பிள்ளைகள் என்பது காதில் ஏறியது. மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள். தேவதூதன் வேஷம் போட்ட பிள்ளைகள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சபைக்குச் சொல்லிவைத்திருந்த பூவை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இருந்த போன் கடைக்கு ஓடினேன். மத்தியானம் வரைக்கும் விட்டு விட்டு விமலா வீட்டுக்கு அடித்தேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் சபைக்குப் போயிருப்பார்கள். சபைக் கூடத்தில் போன் கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு, கட்டின புடவையோடு, வீட்டில் சொல்லாமல் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றது. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக் கவிழ்ந்துகிடந்தது. ரோடு முழுக்கக் கரும்பு. ஆளாளுக்கு இறங்கி ஆளுக்கு ஒரு கழியை உருவிக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன்.

அந்த ஜெபமும் ஒழுங்காக வரவில்லை. "ஆண்டவரே, புள்ளைங்களைக் காப்பாத்து, விமலாவை என்ன வேணா பண்ணிக்கோ" என்றுதான் முதலில் வந்தது. அந்த நேரத்திலும் அவளை விட எனக்கு மனசில்லை. மணி இரண்டரை ஆனது. டிராக்டர் அசையவில்லை. ஒரு வயசான பெண்மணி பக்கத்து சீட்டில் பேரப்பிள்ளைக்குக் கரும்பை உரித்துச் சின்னத் துண்டாக நறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டது. கொடுக்கிற கையை அது பார்க்கக்கூட இல்லை. எனக்கு அடக்க முடியவில்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். "அவளைப் பத்தி இனிமே நான் ஒண்ணும் கேக்கலை. செஞ்சது நான். தண்டனையை எனக்குக் குடு. அந்த டின்னைத் தடுத்து நிறுத்து" என்றேன். ஒரு வருஷத்தில் நான் விமலாவுக்கு எதிராகக் கேட்காத முதல் ஜெபம் அது.

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி ஐந்தேகால். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துச் சபைக்குப் போனேன். ப்ரோக்ராம் முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் முன்னாலும் தட்டு. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். தட்டில் முறுக்கு இருந்தது. வாழைப்பழம் இருந்தது. கலகலா இல்லை. சாப்பிட்டுத் தீர்த்துவிட்டார்களா, இன்னும் வைக்கவில்லையா?

கூடத்துக்குப் பின்னால் இருந்து டங் டங் என்று சத்தம் கேட்டது. ஓடினேன். அங்கே விமலா தரையில் குந்தி உட்கார்ந்து, டின்னைக் கவிழ்த்துப் போட்டு, குழவியால் அடித்துக்கொண்டிருந்தாள். டின்னிலிருந்து கழன்று விழுந்தது ஒரே கட்டி. என் கலகலா மொத்தமும் ஒன்றோடு ஒன்று பிடித்து, டின்னின் வடிவத்தில் ஒரே பாறையாகக் கிடந்தது. பாகு முறுகிவிட்டிருக்கிறது. சம்பந்தியம்மா ஓடுவதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பதத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன். கடித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வேறு பாகு காய்ச்சி, வேறு மாத்திரை போட்டு, பக்காவாக அனுப்பியிருப்பேன்.

"வாங்க அண்ணி! கலகலா செய்யச் சொன்னா கருங்கல்லு செஞ்சு அனுப்பியிருக்கீங்க!" என்று விமலா சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதுநகரில் பெயர் எடுத்த என் கைக்கு அந்தச் சிரிப்பு. வாங்கிக்கொண்டேன். தண்டனையை எனக்குக் கொடு என்று கேட்டவள் நான்தானே.

"வீணாக்க வேணாம். பால்ல ஊற வச்சா எளகிடும், புள்ளைங்களுக்குப் பாயசத்துல போட்டுடலாம்" என்றார் சண்டே ஸ்கூல் டீச்சர். அப்போதுதான் பார்த்தேன். நட்சத்திர வேஷம் போட்ட ஒரு குட்டிப்பெண், தெறித்து விழுந்த ஒரு துண்டை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பாய்ந்து போய் அவள் வாய்க்குள் விரலை விட்டு அதை எடுத்துப் போட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதது. எல்லோரும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கட்டியைப் புடவையில் வாரிச் சுருட்டிக்கொண்டேன். "பாகு கெட்டுப்போச்சு. யாரும் தொடாதீங்க. தப்பு என் மேல" என்று சொன்னேன்.

மற்றவர்கள் விலகிப் போனார்கள். விமலா மட்டும் போகவில்லை. அவள் முட்டாள் இல்லை. குழாயடிக்கு என்னை இழுத்துப்போனாள்.

"இதுல என்னா போட்டீங்க?"

சொல்லிவிட்டேன். மாத்திரை, சம்பந்தி வீட்டார், ஒரே கக்கூஸ், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள். வயதில் என்னைவிட ஆறு வருஷம் சின்னவள்.

"இது புள்ளைங்களுக்காக" என்றாள்.

குழாயடிக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிற சத்தம் கேட்டது. முகத்தை மூடியபடியே பேசினாள்.

"நான்தான் அண்ணி சொன்னேன். நம்ம ஜெயசீலிக்கு வலிப்புன்னு நான்தான் போய்ச் சொன்னேன். பிரியாவுக்கு எங்கயும் அமையலைன்னு புத்தி கெட்டுப்போயி சொல்லிட்டேன்."

ஒரு வருஷம் மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அதைக் கேட்டதும் என் மனசு இளகியது என்று எழுதினால் பொய். அவள் கையை முகத்திலிருந்து விலக்கி, நானும் பளார் என்று ஒன்று விட்டேன். "இது ஜெயசீலிக்காக" என்றேன். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம். இதையெல்லாம் ஆண்டவர் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியில் சொல்லலாமா என்று எங்கள் போதகரிடம் கேட்டேன். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் பஸ்ஸில் அழுது கேட்டது 24ஆம் தேதி. பாகு முறுகியது 21ஆம் தேதி. நான் கேட்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே, என் அடுப்பிலேயே, என் கோபத்தை வைத்தே ஆண்டவர் அந்த டின்னைத் தடுத்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. நட்சத்திர வேஷம் போட்ட பெண்ணைப் பற்றி மறுநாளும் விசாரித்தேன், நன்றாக இருந்தாள். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்?

மறுநாள் விருந்தில் விமலா சம்பந்தி வீட்டாரிடம் உண்மையைச் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. பெரிய ரகளையாகி, கல்யாணம் தள்ளிப்போய், 2010 மே மாதம்தான் நடந்தது. பையனின் அம்மா எங்கள் வீடு தேடி வந்து ஜெயசீலியிடம் மன்னிப்புக் கேட்டார். ஜெயசீலி காபி போட்டுக் கொடுத்தாள். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளபடி சொல்கிறேன், அது எனக்கு இனித்தது.

2011இல் பண்ருட்டியிலிருந்து ஜெயசீலிக்கு வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே விமலா எழுந்து நின்றாள். "பொண்ணுக்கு நாலு வயசுல காச்சல்ல ஒரு தடவை வலிப்பு வந்துது. நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன். அதுக்கப்புறம் வரலை. இத அத்தைக்காரி நானே சொல்றேன், வேற யாரும் வந்து சொல்லக் கூடாது" என்றாள். நான் மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "எங்க பையனுக்கும் சின்னதுல ரெண்டு வாட்டி வந்துதுங்க" என்று சொல்லிப் பஜ்ஜியை எடுத்தார். இப்போது 2012. ஜெயசீலிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பண்ருட்டி வீட்டு வாசலில் அவள் கட்டிய ஸ்டார் எரிகிறது.

யார் மேலாவது உங்களுக்குத் தீராத கோபம் இருக்கிறதா? நல்ல பிள்ளை மாதிரி அதை மறைத்துக்கொண்டு முழங்கால் போடாதீர்கள். இருக்கிறபடியே ஆண்டவரிடம் கொட்டுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். எனக்குத் தாங்கினாரே. ஆனால் கையை மட்டும் சும்மா வைத்திருங்கள். என்னை மாதிரி அடுப்பு மூட்டிவிடாதீர்கள். நீங்கள் கேட்டது நடக்காமல் போனாலும், அவர் உங்களுக்காக எதையோ தடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புங்கள்.

விமலாவை முழுசாக மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். அவளைப் பார்த்தால் இன்னும் சில நாள் உள்ளே சுருக்கென்கிறது. அவளுக்கும் என்மேல் அப்படித்தான். இப்போதெல்லாம் பலகாரத்தை நானே சிதம்பரத்துக்கு எடுத்துப்போகிறேன். விமலா டின்னைத் திறந்து, முதல் கலகலாவை எடுத்து, "ஆ சொல்லுங்க அண்ணி" என்று என் வாயில் வைக்கிறாள். நான் மென்று விழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அவள் எடுக்கிறாள். எல்லோர் முன்னாலும் செய்கிறாள். கோபம் வரத்தான் செய்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி வாயைத் திறக்கிறேன்.